மோர் பிஸ்கட்டும் ஆறு முட்டையும்

கனடாவின் மான்ட்ரியலில் இதுவரை வாழ்ந்த தமிழர்களில் பொய் சொல்லவே தெரியாதவர் ஒருவர்தான். அந்த ஒரு குறையால் அவர் பட்ட பாட்டைப் பார்த்த பின், எப்போதும் உண்மையே பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எவ்வளவு பொறுப்பான செயல் என்ற ஐயம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அவருடைய இயற்பெயரை யாரும் பயன்படுத்தியதில்லை. எங்களுக்கு அவர் 'மோர் பிஸ்கட்'. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பொறியியல் மேற்படிப்பு முடித்து, அறுபதுகளின் இறுதியில் பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றின் வேலைக்காக மான்ட்ரியல் வந்து சேர்ந்தவர். ஜார்ஜியாவில் வெள்ளையர் வீடு எதிலும் அவருக்கு அறை கிடைக்கவில்லை. இரயில் பாதைக்கு அப்பால் ஒரு கறுப்பின அம்மையார்தான் இடம் கொடுத்தார். அந்த வீட்டில் அறைக்குப் போகும் வழி சமையலறைக்குள்தான் இருந்தது. போகிற வழியில் நின்ற மனிதர், படிப்பு முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டார்.

ஆகவே பொறியியல் பட்டத்தோடு, தென்மாநிலத்து வீடுகளில் சுடும் பண்டங்கள் அத்தனையும் அவரோடு வந்தன. பீச் பழத்தின் மேல் மாவு மூடிய காப்ளர், சர்க்கரைவள்ளிக்கிழங்கை மாவுக் கிண்ணத்தில் நிரப்பிச் சுடும் பை, வெண்ணெய் கசியும் பவுண்ட் கேக். எல்லாவற்றுக்கும் மேலாக, மோர் விட்டுப் பிசைந்து சுடும் பிஸ்கட். பிஸ்கட் என்றதும் காப்பியில் முக்கித் தின்னும் வில்லையை நினைத்துவிட வேண்டாம். இது இட்லி உயரத்தில், விரல் பட்டால் அடுக்கடுக்காகப் பிரியும் பண்டம். இதைக் கடைத் தூளில் செய்வதைக் காட்டிலும் பட்டினி கிடப்பதே மேல் என்பது அவர் கொள்கை. ஒரு பிறந்தநாள் விழாவில், அட்டைப் பெட்டியில் வரும் தயார் மாவில் செய்த கேக்கை வாயில் வைத்ததும், தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். இழவு வீட்டுக்கு வந்தவரைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரிடம் கேட்டார்: "பொட்டலம் எப்ப தவறுச்சு?"

எழுபதுகளின் தொடக்கத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கிரேக்கருக்குச் சொந்தமான மாடிக் கட்டடத்தில் அவர் மேல்தளத்திலும் நான் அதற்குக் கீழேயும் குடியிருந்தோம். நான் அப்போது சமூகவியல் பட்டம் பெற்றுக் குடியேறியோர் நலனுக்கான அலுவலகம் ஒன்றில் பணியாற்றி வந்தேன். சனவரி மாதக் காலையொன்றில் பின்பக்கத்து வெளிப்படியில் ஏறிய நான், அவர் ஓவர்கோட்டும் காதுக்குல்லாயும் அணிந்து, உறைபனியில் பலகை போட்டு மாவு தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். பக்கத்துப் பால்கனியிலிருந்து கிரேக்க வீட்டுக்காரரின் மனைவி அவரைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளே வந்து செய்யக்கூடாதா சார்?"

"உள்ள வெண்ணெய் உருகிரும் தம்பி. வெண்ணெய் உருகிட்டா அடுக்கு பிரியாது." அவருடைய பற்கள் தந்தியடித்தன. "எனக்கென்ன, நான் உருகவா போறேன்?"

ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு தமிழ் வீட்டில் நாங்கள் கூடுவோம். பேராசிரியர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள் என ஏறக்குறைய எல்லாரும் மரக்கறி உணவுக்காரர்கள். நகரின் மேற்குப் புறநகரான பியர்பொன்ட்ஸில் கூட்டம் என்றால் நெடும் பேருந்துப் பயணம். அவர் பவுண்ட் கேக்கைச் சன்னலோர இருக்கையில் அமர்த்திவிட்டுத் தாம் நின்றுகொண்டே வருவார். வாரம் முழுவதும் அலுவலகத்தில் ஆங்கிலம், கடைகளில் பிரெஞ்சு, வீட்டில் மௌனம். அவர் தமிழ் பேசும் இடம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூடம் ஒன்றே. மணம் முடிக்கவில்லை. ஊரில் அவரை எதிர்பார்த்திருந்தவர்களும் ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டார்கள்.

இங்கே எங்கள் சமூகத்தின் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தக் கேக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காதவரை அது சைவம். அதன் பொன்மஞ்சள் நிறம் குங்குமப்பூவால் வந்தது என்பது பெண்கள் தரப்பின் கருத்து. பேராசிரியர் சுந்தரத்திடம் அறிவியல் விளக்கமே இருந்தது.

"பேக்கிங் பவுடர்னு ஒண்ணு இருக்கோன்னோ, அதுதான் மாவை எழுப்பறது. முட்டைக்கு அவசியமே கிடையாது. சிம்பிள் கெமிஸ்ட்ரி" என்பார், இரண்டாம் துண்டை எடுத்தபடி.

மோர் பிஸ்கட் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நம்பும் வெள்ளை மனம் அவருடையது.

ஒரு பொங்கல் விழா பியர்பொன்ட்ஸில் இளம் மருத்துவர் ஒருவரின் வீட்டில் நடந்தது. அவருடைய மனைவி வசந்தா கும்பகோணத்திலிருந்து இலையுதிர்காலத்தில்தான் வந்திருந்தாள். தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். எங்கள் வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. ஒரு துண்டு கேக்கை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, மனம் நிறைந்து, கூடமே கேட்கும்படி விசாரித்தாள்.

"ரொம்ப நன்னாயிருக்கு சார். எப்படிப் பண்றேள்? இதுல முட்டை கிட்டை ஏதாவது உண்டா?"

 கூடத்தில் பாதிப் பேர் அவரிடம் கண்களால் மன்றாடினார்கள். அவரோ, யாரோ முதன்முறையாகச் செய்முறை கேட்டுவிட்ட பூரிப்பில் இருந்தார்.

"உண்டும்மா. ஆறு."

பேராசிரியர் சுந்தரத்தின் வாயில் அப்போது மூன்றாம் துண்டு இருந்தது. விழுங்கினால் பாவம், துப்பினால் இத்தனை ஆண்டுகள் விழுங்கியதற்கு வாக்குமூலம். அவர் தாடையை அசைக்காமல், சன்னல் வழியே பனியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் விளைவுகளைச் சீர்தூக்கிப் பார்த்து நான் ஒரு திட்டம் வகுத்தேன். முட்டை சேர்த்த பண்டத்துக்குச் சிவப்புச் சீட்டு, சேர்க்காததற்குப் பச்சைச் சீட்டு. குழு கூடி அதை ஒருமனதாக நிராகரித்தது.

"சீட்டு ஒட்டினா இத்தனை நாள் சாப்பிட்டதை ஒத்துண்டா மாதிரி ஆயிடும்" என்றார் பேராசிரியர். "அதுக்கு அவரையே கொஞ்ச நாள் கூப்பிடாம இருந்துடலாமே?"

அப்படி யாரும் தீர்மானம் போடவில்லை. ஆனால் மோர் பிஸ்கட்டின் தொலைபேசி அதன் பின் ஒலிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த வீட்டார் அழைப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஒரு மனிதர் இவ்விதம், யாருடைய தீய எண்ணமும் இல்லாமலே, ஓர் ஊரிலிருந்து விலக்கப்பட்டார்.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே சார்?" என்றேன் மோர் பிஸ்கட்டிடம்.

"நான்தான தம்பி உடைச்சு ஊத்துனேன்? எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்ங்கீங்க?"

அந்தக் குளிர்காலம் முழுவதும், முட்டையில்லாத கேக் ஒன்றைச் செய்துவிட்டால் கதவுகள் மீண்டும் திறக்கும் என்று அவர் பாடுபட்டார். தயிர் விட்டுப் பார்த்தார். வாழைப்பழம் மசித்துப் பார்த்தார். ஒன்று எழவில்லை. ஒன்று எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மீண்டும் படுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கூரைக்கு மேல் அவர் மாவோடு தமிழ் பேசுவது கேட்கும். "ஏல, என்னத்துக்குல கையில இப்படி ஒட்டுத?" பதில் வராத பேச்சைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை.

பிப்ரவரியில் கிரேக்க வீட்டுக்காரரின் கார் பனியில் சிக்கிச் சக்கரம் வெறுமனே சுழன்றது. மோர் பிஸ்கட் மாடியேறிப் போய் முட்டையில்லாக் கேக்கின் இரண்டு பாளங்களைக் கொண்டு வந்து சக்கரத்தின் கீழே செருகினார். கார் ஒரே உறுமலில் வெளியே வந்தது. வீட்டுக்காரர் "மெர்சி, மெர்சி" என்று அவர் கையைக் குலுக்கினார். அவரோ பாளங்களைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ஓரங்கூட நசுங்கலை தம்பி. இது மனுசன் வயித்துக்குள்ள போயி என்ன செய்யும்?"

மார்ச் மாதத்தில் வசந்தாவுக்குக் கரு கலைந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் அழவில்லை, பேசவில்லை, கொண்டுபோய்க் கொடுத்த இரசம் சாதமெல்லாம் தட்டிலேயே காய்ந்தது. இதைவிடக் கொடியது ஒன்றும் நடந்தது. அன்று சாப்பிட்ட கேக்கையும் இந்த இழப்பையும் முடிச்சுப் போட்டு ஒரு முணுமுணுப்பு தொலைபேசி வழியே வீடு வீடாகச் சென்றது. அது மோர் பிஸ்கட்டின் காதையும் எட்டியது. இரண்டு நாட்கள் மேலே அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் காலை, துணி சுற்றிய பாத்திரத்துடன் என் கதவைத் தட்டினார்.

"அந்தப் பிள்ளையைப் பாக்கணும். தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வாரீகளா?"

போவதால் நேரக்கூடிய தீங்குகளைப் பேருந்தில் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

கதவைத் திறந்த மருத்துவர் தயங்கினார். "சார், அவ இப்ப யாரையும் பாக்கற நிலைமையில இல்லை."

"நான் உள்ள வரலை டாக்டர். இதைக் குடுத்திட்டுப் போயிருதேன்."

படியில் பனி கணுக்கால்வரை கிடந்தது. மருத்துவரின் பின்னால் வசந்தா வந்து நின்றாள். போர்வை போர்த்தியிருந்தாள். முகம் பாதியாகியிருந்தது. மோர் பிஸ்கட் பாத்திரத்தை நீட்டினார்.

"சர்க்கரைவள்ளிக்கிழங்கு பைம்மா. பாலைச் சுண்டக் காய்ச்சிச் சேத்திருக்கேன். முட்டை கிடையாது. ருசியும் அம்புட்டு கிடையாது. ரெண்டையும் சொல்லிட்டேன்."

அவள் பாத்திரத்தைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

"இவரை எத்தனையோ தரம் கேட்டுட்டேன். இல்லை இல்லைங்கறார். சமாதானத்துக்குச் சொல்றாரோன்னு இருக்கு. நீங்க சொல்லுங்கோ சார். அன்னிக்கு நான் அதைச் சாப்பிட்டதாலதானா?"

"இல்லம்மா" என்றார். "ஜார்ஜியாவுல எனக்கு இடம் குடுத்த அம்மா, அதே கேக்கைத் தின்னுக்கிட்டுத்தான் வீடு நிறையப் பிள்ளை பெத்தாங்க. உங்க மேலயும் தப்பு இல்லை; கேக்கு மேலயும் தப்பு இல்லை."

வசந்தா போர்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "எல்லாம் சரியாயிடும்னு எல்லாரும் சொல்றா. ஆயிடுமா?" என்றாள்.

 ஒருமுறையாவது பொய் சொல்லுங்கள் என்று மனதுக்குள் அவரை இறைஞ்சினேன்.

"தெரியலைம்மா. கொஞ்ச நாளைக்கு ஆகாது."

மருத்துவமனை, ஆறுதல் சொல்ல வந்த பெண்கள், கணவர் என யாராலும் வரவழைக்க முடியாத அழுகை அப்போது வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உரக்க அழுதாள். மருத்துவர் அவளைத் தாங்கிக்கொண்டார். மோர் பிஸ்கட் படியிலேயே நின்றார்.  அழுகை ஓய்ந்ததும் அவள் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் வெளியிலேயே நிக்கறேள்? காலெல்லாம் பனி. உள்ள வாங்கோ."

அவர் பூட்ஸைக் கழற்றிய வேகத்தில் ஒரு காலுறையும் கூடவே போய்விட்டது. அன்று அவள் ஒரு துண்டு பையைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். "கிழங்கு இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றாள். "ஆமாம்மா, அவசரப்பட்டுட்டேன்" என்றார் அவர். இரண்டு பேரும் வெகுநேரம் கிழங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற வீட்டுக் கதவுகள் பழையபடி திறந்தன என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஞாயிறுகளில் அவருக்குப் போக ஒரே ஒரு வீடு இருந்தது. அது போதும் என்றார். எழுபதுகளின் முடிவில் அவருடைய நிறுவனம் டொராண்டோவுக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் போனார். அங்கே ஒரு குளிர்காலத்தில், அடுப்பு சூடாக இருக்கும்போதே, மாரடைப்பில் காலமானார் என்று வசந்தாதான் எனக்குச் சொன்னாள்.

இப்போதும் யாராவது என்னிடம் நலமா என்று கேட்டால், நலம் என்றே சொல்லிவிடுகிறேன். அவர் ஒருவர் கேட்டிருந்தால், உட்கார வைத்து உள்ளதைச் சொல்லியிருப்பேன்.