சின்னவருக்குப் பிடித்த பிஸ்கட்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு மாவைக் கண்டுபிடித்தது, இரண்டையும் சேர்த்துவைக்க அடுப்பைக் கண்டுபிடித்தது எதற்காக என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. ஓர் அட்டைப்பெட்டி நிறுவனத்தின் இயக்குநர் அம்மையார்தான் அதை உலகுக்கு விளக்கினார்: நாய்க்கு வீட்டிலேயே பிஸ்கட் சுடுவதற்காக. அதுவரை மனிதர்கள் அந்த அடுப்பில் தங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தது வெறும் ஒத்திகை.

இந்த ஞானம் அவருக்கு வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் கிடைத்தது. கடையில் வாங்கிய நாய் பிஸ்கட்டைத் தின்ற அவருடைய நாய், அந்தக் கம்பளத்தில் வாந்தி எடுத்தது. 'எடுத்தது' என்று எழுதுவது பிழை; எடுத்தார். அம்மையார் அந்த நாயைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். இயக்குநரின் தம்பியை 'அது' என்று சொல்ல எந்த ஊழியருக்குத் துணிச்சல் வரும்? அலுவலகம் முழுக்க அவரைச் 'சின்னவர்' என்றது. வெள்ளை முடி தரையைத் துடைக்கும். முகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பலர் இரண்டு பக்கமும் வணக்கம் வைத்தார்கள்.

கம்பளம் சலவைக்குப் போன மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், தங்கள் கையால், தங்கள் வீட்டில், தங்கள் நேரத்தில் சுட்ட தின்பண்டத்தை 'நான்குகால் சக ஊழியருக்கு' வழங்க வேண்டும். உப்பு, சர்க்கரை, வெங்காயம், சாக்லேட் கூடாது. கடைச்சரக்கு கூடவே கூடாது. நமக்கு ஆகாதது அவருக்கும் ஆகாது என்பதால், சுட்டவர் முதலில் தின்று காட்ட வேண்டும். மற்றவர்களும் தின்று ஊக்கப்படுத்தலாம். 'லாம்' என்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைசி வரிதான் முக்கியம்: தலைமைப் பண்பு அடுப்படியில்தான் வெளிப்படும் என்பதால், காலியாக இருக்கும் துணை மேலாளர் பதவிக்கு உரியவரை இந்தக் கூட்டங்களே அடையாளம் காட்டும்.

அந்த வரியைக் கொள்முதல் மூன்று முறை படித்தார். அங்கே எல்லோரையும் அவரவர் பிரிவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். இவர் காகிதமும் பசையும் வாங்குகிறவர், ஆகவே கொள்முதல். அவருடைய மேசை கழிவறைக் கதவை ஒட்டி இருந்தது. வெளியே வருகிறவர்கள் கையை உதறும்போது முதல் சொட்டு அவருடைய கோப்பில் விழும். உள்ளே போகிறவர்கள் அவரிடம் எதுவும் பேசுவதில்லை. வெளியே வந்ததும் நிம்மதியாகப் பேசுவார்கள். துணை மேலாளருக்கோ தனி அறை. அதற்குக் கதவு உண்டு. மூடினால் மூடிக்கொள்ளும் கதவு. பதவி, சம்பளம் எல்லாம் பிறகு; கொள்முதலுக்கு அந்தக் கதவு வேண்டும். கல்யாணமான புதிதில்கூட அவர் எதையும் அப்படி ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை.

போட்டிக்கு ஒருவர் இருந்தார்: விற்பனை. சிரித்த முகம். துக்கம் விசாரிக்கப் போனாலும் அந்த முகத்தோடுதான் போக வேண்டும், வேறு முகம் கிடையாது.

அன்று மாலை கொள்முதல் அடுப்படிக்குள் நுழைந்ததைப் பார்த்து அவர் மனைவி பயந்துவிட்டார். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர் அவர். நாள் முழுக்க முனகல் கேட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"என்னங்க, வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"பூசணி வாங்கிட்டு வந்தேன். வேகவெச்சு, மசிச்சு, ஓட்ஸ் மாவு சேத்து, முட்டை ஒண்ணு ஊத்தணும்."

"யாருக்கு?"

"சின்னவருக்கு."

"அந்த நாய்க்கா?"

"மெதுவாப் பேசு. அப்படிச் சொல்லக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு."

"எனக்குப் போன மாசம் காய்ச்சல் வந்தப்ப, வெந்நீர் எப்படிப் போடறதுன்னு கட்டில் பக்கத்துல வந்து நின்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"அதுக்குப் பதவி உயர்வு எதுவும் அறிவிக்கலையே," என்றார் கொள்முதல். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர், வீட்டில்.

முதல் ஈடு அடுப்பிலிருந்து வெளியே வந்தது. மனைவி ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். மேசையில் பள்ளம் விழுந்தது. "எங்க டாக்டர்கிட்ட குடுத்துட்டு வரேன். வாசல்லயே வெச்சுக் குடுத்தா கூட்டம் அலைமோதும்," என்றார்.

மச்சான் மட்டும் குறை சொல்லவில்லை. மனைவியின் தம்பி, பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், எந்தப் பத்து நாள் என்று சொல்லவில்லை. அவர் தட்டோடு எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"உப்பு இல்ல மாமா. சக்கரையும் இல்ல. ருசின்னு சொல்ல ஒண்ணுமே இல்ல."

"அப்புறம் ஏன் திங்கறே?"

"சும்மாதானே உக்காந்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. நீள மேசையைச் சுற்றி ஊழியர்கள். மேசையின் தலைமாட்டில் அம்மையார். அவர் பக்கத்தில், வெல்வெட் மெத்தையில் சின்னவர். ஒவ்வொருவரும் எழுந்து, தாம் சுட்டதில் ஒன்றைத் தின்று காட்டி, டப்பாவைச் சுற்றுக்கு விட்டார்கள். எல்லோரும் எடுத்தார்கள், மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள், விழுங்கினார்கள், "பிரமாதம்" என்றார்கள். வேறு சொல் எதுவும் யாருக்கும் தோன்றவில்லை. முதலில் வாய் திறந்தவர் அப்படிச் சொன்னார். மாற்றிச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே.

கடைசியில் தட்டு சின்னவருக்குப் போயிற்று. அவர் மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பினது முகம்தான் என்பது பிற்பாடு உறுதியாயிற்று.

"அவர் யோசிக்கிறார்," என்றார் அம்மையார்.

அடுத்த வாரம் விற்பனை, எலும்பு வடிவத்தில் வெட்டிச் சுட்ட கேரட் பிஸ்கட்டோடு வந்தார். சின்னவர் அதைக் கவ்விக்கொண்டு போய்ப் பூந்தொட்டியில் புதைத்தார்.

"எதிர்காலத்துக்குச் சேமிக்கிறாருங்க மேடம். இந்தத் தொலைநோக்கு நமக்கு வருமா?" என்று சிரித்தார் விற்பனை. அது கூட்டக் குறிப்பில் 'சின்னவரின் தொலைநோக்கு' என்று தனித் தலைப்பில் ஏறியது. அதற்கடுத்த வாரம் சின்னவர் கொள்முதலின் பிஸ்கட்டைப் பார்த்துத் தும்மினார். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, சின்னவருக்காகச் சுட்டதைச் சின்னவர் தின்னவே இல்லை. அத்தனையையும் ஊழியர்களே தின்று தீர்த்தார்கள். தீரவும் இல்லை, மிஞ்சியது. நாலு மணித் தேநீரோடு வழக்கமாக வரும் வட்ட வெண்ணெய் பிஸ்கட்டை அம்மையார் நிறுத்தினார். விளிம்பு நெளிநெளியாக, நடுவில் நான்கு ஓட்டை போட்ட, தெருமுனைக் கடை பிஸ்கட். அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை மிச்சங்கள் தட்டில் வந்தன. வட்ட பிஸ்கட் நின்ற அன்று ஒருவருடைய முகமும் வாடவில்லை. அது 'ஊழியர் நலத் திட்டம்' என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

பிறகு அம்மையார் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமை தம்பி யாரு கையால சாப்பிடறானோ, அவங்கதான் துணை மேலாளர்."

கொள்முதல் வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தார். கோழியை வேகவைத்து நார் நாராகப் பிரித்தார். பூசணியைத் துணியில் கட்டிப் பிழிந்தார். மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு மனிதனின் பக்தியை முதல் முறையாகப் பக்கத்தில் பார்த்தார். சுட்டு ஆறவைத்து, டப்பாவில் அடுக்கி, "இத யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கொள்முதல் படுக்கப்போனார். 'யாரும்' என்றபோது மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார். மச்சானும் பொறுப்பாகத் தலையாட்டினார்.

கூட்டத்தில் கொள்முதலின் முறை வந்தது. எழுந்து டப்பாவைத் திறந்தார்.

உள்ளே வட்ட வெண்ணெய் பிஸ்கட் இருந்தது. விளிம்பு நெளிநெளியாக, நடுவில் நான்கு ஓட்டை.

நடந்ததைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. நேற்று தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. மச்சான் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். காலையில் காலி டப்பாவைப் பார்த்து, அக்காவுக்குப் பயந்து, தெருமுனைக்கு ஓடி, அவருக்குத் தெரிந்த நல்ல பிஸ்கட்டை வாங்கி நிரப்பியிருக்கிறார். பாவம், மனசாட்சி உள்ளவர்.

"ஏன் நிக்கறீங்க? சாப்பிட்டுக் காட்டுங்க," என்றார் அம்மையார்.

கொள்முதல் ஒன்றை எடுத்துத் தின்றார். "பிரமாதம்" என்றார். சொன்னதும் அவருக்கே திடுக்கென்றது. வாராவாரம் சொல்லிவந்த சொல் அன்றுதான் உண்மையாக இருந்தது.

டப்பா சுற்றுக்குப் போயிற்று. முதலில் கடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாமவர் டப்பாவை அடுத்தவருக்குக் கொடுக்க மறந்தார். என்ன பிஸ்கட் என்று எல்லோருக்கும் தெரியும். வருடக்கணக்காகத் தேநீரில் தோய்த்துத் தின்ற முகம் மறக்குமா? ஒருவரும் வாய் திறக்கவில்லை, மெல்லுவதற்குத் தவிர. விற்பனை இரண்டு எடுத்தார். ஒன்று வாய்க்கு, ஒன்று சட்டைப்பைக்கு.

அப்போது சின்னவர் மெத்தையிலிருந்து எழுந்தார். கூட்டங்கள் தொடங்கிய நாள் முதல் அவர் பிஸ்கட்டைத் தேடித் தாமாக எழுந்தது அதுதான் முதல் தடவை. நேராக வந்து, ஒன்றைத் தின்றார். இன்னொன்றைத் தின்றார். பிறகு தலையை டப்பாவுக்குள் நுழைத்துக்கொண்டார். வெளியே வால் ஆடியது. எது முன், எது பின் என்ற குழப்பம் அன்றோடு தீர்ந்தது.

அம்மையாரின் கண் கலங்கியது. "தம்பி சாப்பிட்டுட்டான். இவரு கையில அன்பு இருக்கு," என்றபடி, தாமும் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மெல்லுவதை நிறுத்தினார்.

"இதுல சக்கரை இருக்கு."

மென்றுகொண்டிருந்தவர்கள் அவசரமாக விழுங்கினார்கள்.

"உப்பும் இருக்கு. இது கடையில வாங்கினது." அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "நீங்கல்லாம் சாப்பிட்டீங்களே. ஒருத்தருக்கும் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க மேடம். ரொம்பக் கொடுமையா இருந்துச்சு," என்றார் விற்பனை. உதட்டோரம் துகள் ஒட்டியிருந்தது. "மரியாதைக்காக முழுங்கினோம்."

எல்லோரும் கொள்முதலைப் பார்த்தார்கள். அவர் சொல்லக்கூடிய உண்மை ஒன்று இருந்தது. சின்ன உண்மைதான்: நாய்க்கு நல்ல பிஸ்கட் பிடிக்கிறது, நமக்கும் பிடிக்கிறது, இத்தனை வாரமாக யாருக்கும் பிடிக்காததை எல்லோரும் தின்றுகொண்டிருக்கிறோம். அது அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் யாரோ கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்டார்கள். உண்மை அதோடு உள்ளே போய்விட்டது.

"சோதனைங்க மேடம்," என்றார் கொள்முதல்.

"யாருக்கு?"

"சின்னவருக்குத்தாங்க. வாராவாரம் நாம உயிரைக் குடுத்துச் சுட்டுட்டு வர்றோம். அவரு மோந்து பாத்துட்டுப் போயிடறாரு. யோசிக்கிறாருன்னு நீங்க சொன்னீங்க, நாங்களும் நம்பினோம். எனக்கு மட்டும் மனசுல ஒரு உறுத்தல். கடைச்சரக்க வெச்சா என்ன பண்ணுவாருன்னு பாத்துடலாம்னு வாங்கிட்டு வந்தேன்." அவர் டப்பாவைக் கைகாட்டினார். "பண்ணிட்டாருங்க மேடம். நம்ம கைப்பக்குவத்துக்கு அவரு உண்மையா இல்லைங்க."

அம்மையார் சின்னவரை வெகுநேரம் பார்த்தார். அவர் டப்பாவின் அடியை நக்கிக்கொண்டிருந்தார்.

"கம்பளத்த அன்னைக்கு வீணாக்கினப்பவே நான் யோசிச்சிருக்கணும்," என்றார் கடைசியில்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சின்னவர் அம்மையாரின் தங்கை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். குறிப்பில் 'அனுப்பப்பட்டது' என்றே எழுதினார்கள். பதவி போனால் மரியாதையும் கூடவே போவதுதான் முறை. நாய் போய்விட்டது என்பதற்காக நாய் பிஸ்கட் திட்டத்தைக் கைவிட முடியுமா? லட்சியம் நாயைவிடப் பெரியது. கூட்டம் தொடரும் என்றும், வேண்டியவரையே சோதித்துப் பார்க்கும் நெஞ்சுரம் கொண்ட கொள்முதல்தான் துணை மேலாளர் என்றும், சின்னவர் இல்லாத குறை தெரியாமல் இனி முதல் பிஸ்கட்டை அவரே ஏற்றுக்கொள்வார் என்றும் அம்மையார் அறிவித்தார். கதவு வைத்த அறை கிடைத்தது. மாலைக்குள் வெல்வெட் மெத்தையையும் அங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

கொள்முதல், அதாவது துணை மேலாளர், வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"அந்தப் பிஸ்கட் நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"யாராவது சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல முடியும்?"

"நாய் சொல்லுச்சா?"

"அது டப்பாவுக்குள்ள தலையவே விட்டுடுச்சே."

"அப்ப அந்த ஆஃபீஸ்ல ஒரே ஒரு மனுஷன் இருந்திருக்காரு," என்றார் மனைவி. "அவரையும் அனுப்பிட்டு வந்திருக்கீங்க."

இதற்குத் தகுந்த பதில் ஒன்று துணை மேலாளரிடம் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ஈட்டில் மிஞ்சிய ஓட்ஸ் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த மச்சான், திறந்த வாயைப் பார்த்து, கேட்கிறார்போலும் என்று அதில் ஒன்றை வைத்தார்.

துணை மேலாளர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்கினார்.

"பிரமாதம்," என்றார்.