ஒன்றரை மணி நேரத்து மாப்பிள்ளை

"ஒன்றரை மணி நேரம்தானா? அப்ப பக்கத்து ஊர்தான் மாப்பிள்ளை," என்றார் பெண்ணின் அப்பா, அவன் திரும்பிப் போகும் விமான டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து.

பெண் கேட்டு வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். யார் வீட்டுக்கு வந்தாலும் டிக்கெட்டைக் கேட்பது பழக்கதோஷம். புறப்பாடு காலை எட்டு, சேருவது ஒன்பதரை. கழித்துவிட்டார். மெக்கானிக் வேலை பார்க்கும் நாட்டில் கடிகாரமே இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பது ரயில்வே அட்டவணையில் கிடையாதே.

'தூர தேசத்துக்குப் பெண் கொடுப்பதில்லை' என்பது அவர் சட்டம். ஆகவே மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை.

"சனிக்கிழமை காலையில ஏறினா மதியச் சாப்பாடு உங்க வீட்லதான். வாராவாரம் வந்துடுறேன்," என்றார் பரிசோதகர்.

வாராவாரம் என்றதும் மெக்கானிக் உண்மையில் கொஞ்சத்தை அவிழ்த்தான்.

"அவ்வளவு கிட்ட இல்ல மாமா. மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும்."

"ஒன்றரை மணி நேரத்துல மூவாயிரமா? பைலட் குடிச்சிட்டு ஓட்டுறானா? அதுல என் பொண்ணை ஏத்த மாட்டேன்."

"ஐயோ, மெதுவாத்தான் ஓட்டுவாங்க மாமா."

"மெதுவாப் போனா ஒன்பதரைக்கு எப்படிய்யா சேரும்?"

"அங்க சூரியன் கொஞ்சம் லேட்டா உதிக்கும்..."

"சோம்பேறிங்க ஊரா?"

இதற்குள் பெண்ணின் அம்மா, அவன் வந்து இறங்கிய டிக்கெட்டை எடுத்துவிட்டாள். "ஏங்க, இங்க வர்றதுக்குக் காலையில பத்து மணிக்கு ஏறி, சாயங்காலம் நாலரைக்கு இறங்கியிருக்காரு."

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். கழிப்பறைக்குள் ஒளிந்தவனைப் பிடிக்கும் பார்வை. "போக ஒன்றரை, வர ஆறரையா?"

"எதிர்க்காத்து மாமா."

"அஞ்சு மணி நேரத்துக்கா? ரிவர்ஸ்லயே வந்தீங்களா?"

இனி மறைக்க இடமில்லை. "ரெண்டு பக்கமும் நாலு மணி நேரம் மாமா. அந்த ஊர் நேரம் வேற, இந்த ஊர் நேரம் வேற. நீங்களாக் கழிச்சீங்க, நான் தடுக்கல."

பரிசோதகர் டிக்கெட்டுகளை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினார்.

"கிளம்புங்க தம்பி."

மாப்பிள்ளை ஒரே வாக்கியத்தில் தம்பியாகிப் போனான். செருப்பைத் தேடினான்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் அவர். "என் பொண்ணு என்னைப் பார்க்காம ஒரு வாரம் தாங்க மாட்டா. கிட்டத்துல வந்த வரன் அத்தனையையும் வேண்டாம்னுட்டா. அவ்வளவு பாசம்."

அறை வாசலில் அதுவரை முகத்தைத் தொங்கப்போட்டு நின்றிருந்த பெண் முன்னால் வந்தாள்.

"கிட்டத்துலங்கிறதாலதான்பா வேண்டாம்னேன். இவருக்குச் சம்மதம். இன்னும் கொஞ்சம் தள்ளி மாற்றல் கிடைக்குமான்னு மட்டும் கேளுங்க."