மனைவியின் அடையாளம் கேட்டார்கள்

‘மனக்கண்’ என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றுதான் நாற்பது வயது தாண்டும்வரை நம்பியிருந்தேன். ‘மனம் உடைந்தது’ என்றால் யாரும் தும்புத்தடி கொண்டுவந்து கூட்டுவதில்லையே, அதுபோல. மற்ற எல்லோருடைய தலைக்குள்ளும் உண்மையாகவே படம் ஓடுகிறது என்பதை ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசியில் கீரிமலையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள்.

அன்று ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் பிதிர்க்கடன் முடித்து, ஆண்கள் கேணியில் முழுகிவிட்டு வந்தால், பெண்கள் கேணிக்குப் போன மனைவி வசந்தியைக் காணவில்லை. இருவர் போனும் அவளுடைய கைப்பையில். விரதக்காரி வெயிலில் எங்கேயாவது மயங்கி விழுந்துவிட்டாளோ என்று அறிவிப்புக் கொட்டகைக்கு ஓடினேன்.

ஒலிவாங்கியோடு இருந்தவர் கேட்டார்: “அண்ணை, மனுசி என்ன நிறச் சீலை?”

“தெரியாது.”

“முகம் வட்டமோ, நீளமோ?”

“முகம்... முகம் மாதிரித்தான்.”

“பதறாதையுங்கோ. கண்ணை மூடி யோசியுங்கோ, மனுசி தெரிவா.”

மூடினேன். “இருட்டுத்தான் தெரியுது. உமக்குக் கண்ணை மூடினால் ஆள் தெரியுமோ?”

“ஓம். என்ரை மனுசி குசினி அடுப்படியிலை நிண்டு முறைக்கிறது வடிவாத் தெரியுது.”

பின்னால் நின்றவர்களும் கண்ணை மூடிப் பார்த்துத் தலையாட்டினார்கள். (எல்லாருக்கும் தெரியுதாம்! இவ்வளவு காலமும் ஊரே படம் பார்த்திருக்கிறது, எனக்கு மட்டும் வானொலி.)

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனைவியை எனக்கா தெரியாது? தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அந்த மனிதர் ஒன்றையும் விடாமல் அறிவித்தார்:

“உரும்பிராயைச் சேர்ந்த வசந்தி அவர்கள்! பிழையைக் கண்டால் பொறுக்கமாட்டார். பேருந்தில் யன்னல் இருக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கவலைப்படுவார். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று அடிக்கடி சொல்வார். முகம் எப்படி என்று கணவருக்குத் தெரியாது. கணவர் கொட்டகையில் நிற்கிறார்!”

கூட்டம் சேர்ந்தது. வசந்தியைத் தேட அல்ல, கணவனைப் பார்க்க.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வசந்தி வந்தாள். தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். (கண்டால் தெரியும். காணாதபோதுதான் தெரியாது. இதை எத்தனை பேருக்கு விளங்கப்படுத்துவது?)

“நான் அப்பவே சொன்னனான், வாசலிலை நில்லுங்கோ எண்டு,” என்றாள்.

“அண்ணை, அடையாளம் சரி!” என்றார் அறிவிப்பாளர். ஒலிவாங்கியை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

திரும்பும் வழியில் வசந்தி மெதுவாகக் கேட்டாள்: “நான் செத்துப்போனாலும் என்ரை முகம் உங்களுக்கு வராதோ?”

“முகம் வராது. முதல்முதல் என்னோடை கதைக்கேக்கை, ‘தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ, இன்னும் போடவோ? பொய் சொல்லாமல் சொல்லுங்கோ’ எண்டனீர். ஒரு சொல்லும் மறக்கேல்லை. உமக்கு ஞாபகம் இருக்கோ?”

யோசித்தாள். “இல்லை. உங்கடை சேட்டு மட்டும் தெரியுது. மண்ணிறம். மேல் தெறி இல்லை, நூல் மட்டும் தொங்குது.”

அந்தச் சேட்டை எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

ஆனால் அவளுக்குப் படம், எனக்குச் சொல் என்ற இந்த நியாயத்தை யார் கேட்கிறார்கள்? இன்றும் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் வசந்தியின் தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து என்முன் நிறுத்துகிறான்: “அத்தான், இவ வசந்தி. உங்கடை மனுசி.” சபையே சிரிக்கிறது. அவளாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தால், கைகூப்பி, “வணக்கம். உங்களை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு,” என்கிறாள்.