யாரும் பத்த வைக்காத விறகு

“இதெல்லாம் ஒரு குளிரா? முன்னெல்லாம் துப்பினா கீழ விழறதுக்குள்ள உறையும்!”

ஜன்னலுக்கு வெளிய மாட்டின தெர்மாமீட்டரப் பார்த்து என் புருஷன் ரைமோ தினம் காலைல புலம்புறது இது. கடைக்காரன் அழுகின மீனக் கட்டிக் குடுத்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்குவான்.

இந்த இனத்துக்கு ‘எனக்குக் குளிரல’ன்னு பேரு. பின்லாந்துல, எங்க கூஹ்மோ பக்கம், வீட்டுக்கு ஒண்ணாவது இருக்கும். எங்க வீட்ல ரெண்டு. இன்னொண்ணு யாருங்கிறீங்களா? இத எழுதிக்கிட்டிருக்கே, அதுதான்.

எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? முதல் பனி விழுந்ததும் காட்டுப் பாதைல நடக்கக் கிளம்பிடும். பாக்கெட்ல கையுறை கதகதப்பா தூங்கும், கை வெளிய விறைக்கும். தொப்பி காதத் தொடாது. மூக்கு ஒழுகுதேன்னு கேட்டா, “தூசி” ங்கும். பனி மூடின காட்டுல ஏதுங்க தூசி?

எங்க வீட்ல இதுக்கு ஒரு பந்தயம் வேற. காட்டுல யாரு முதல்ல “குளிருது”ன்னு வாயத் தொறக்கறாங்களோ, அவங்கதான் ஏப்ரல் வரைக்கும் வாசல்ல பனி வாரணும். நெருப்பு மூட்டினாலும் தோத்த கணக்குதான். என் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கு நான் தோக்கவே கூடாது.

போன ஞாயித்துக்கிழமை போனோம். சதுப்பு நிலத்துல நடக்கப் போட்ட பலகையெல்லாம் உறைஞ்சு வழுக்குது.

“ஹெல்வி, முட்டி வலிக்குதா? திரும்பிடலாமா?”

“வலிக்கலியே. ஏன், உனக்குக் குளிருதா?”

“எனக்கா? வேர்க்குது!”

பல்லு தந்தியடிக்குது, வேர்க்குதாம். நான் மட்டும் என்ன ஒழுங்கு? கால்ல விரல் இருக்கா இல்லையான்னே தெரியாம, பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போறேன்.

பாதி வழில ஒரு மரக்கொட்டகை. நடுவுல கல் அடுப்பு, ஓரமா முன்னாடி வந்தவங்க பொளந்து வெச்சிட்டுப் போன காஞ்ச விறகு. யாராவது மூட்டியிருப்பாங்க, ஓசில குளிர்காஞ்சுக்கலாம்னு ஓடினேன். பக்கத்து வீட்டு வெய்க்கோவும் ஐலாவும் இருந்தாங்க. விறக அழகா அடுக்கி, அது முன்னாடி கைய அக்குள்ல சொருகி உக்காந்திருந்தாங்க. நெருப்பக் காணோம்.

“மூட்டலியா?”

“எங்களுக்கு எதுக்கு? உனக்கு வேணும்னா மூட்டிக்க” ன்னா ஐலா. உதடு நீலமா இருக்கு! அவங்க வீட்லயும் இதே பந்தயம்தான்னு அப்பதான் உறைச்சுது.

“சாசேஜ் சுடலாமே?” தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

“சுடாமத்தான் ருசி” ன்னான் ரைமோ, கல்லா உறைஞ்சத கடிச்சு இழுத்துக்கிட்டே.

எல்லார் பாக்கெட்லயும் தீப்பெட்டி இருக்கு. ஒருத்தர் கையும் போகல. இருட்டினதும் “நேரமாச்சு”ன்னு நாலு பேரும் ஒண்ணா எந்திரிச்சோம்.

யாரும் தோக்கல. அதனால யாரும் வாரல. ரெண்டு வீட்டு வாசல்லயும் பனி மேடு கட்டி நிக்குது, தாண்டிக் குதிச்சுத்தான் வெளிய போறோம். வர்ற ஞாயித்துக்கிழமையும் கொட்டகைலதான் இருப்போம்.

தயவுசெஞ்சு ஒரு தடவை வந்து எங்களப் பாருங்க. உபதேசமெல்லாம் வேணாம். “எனக்குக் குளிருது”ன்னு சொல்லி ஒரு தீக்குச்சி கிழிங்க, போதும்.

என்ன யோசிக்கிறீங்க? நாலு பேர் முன்னாடி நாமளா சொல்றதுன்னா?

சரி, வாங்க. நகந்து இடம் தர்றோம்.