ரெங்கம்மாள் ஒப்பாரிக்கு ஒரு பெடல்

"அண்ணே, லேசா மிதிச்சதுமே மடை ஒடைஞ்ச மாதிரி வருது."

மதுரை காளவாசல் இசைக்கருவிக் கடையில் சூரியபிரகாஷ் பெடலிலிருந்து காலை எடுத்தான். சாவு வீடுகளில் மைக் பிடித்து ஒப்பாரி பாடும் ரெங்கம்மாளுக்கு ஆர்கன் வாசிப்பதுதான் அவன் பிழைப்பு. நேற்று அவர் சொல்லிவிட்டார்: "அடுத்த சாவுலயும் என் குரல அமுக்குனே, வேற ஆளப் பாத்துக்கிருவேன்."

அடுத்த சாவு இன்றே வந்துவிட்டது.

அவர் பாடும்போது ஆர்கன் சத்தம் குறைய வேண்டும். மூச்சு வாங்கும்போது ஏற வேண்டும். இரண்டு கையும் கட்டைகளில் இருப்பதால் அது காலின் வேலை.

"அது கிட்டார் பெடல் தம்பி, ஆர்கனுக்கு ஒத்து வராது. இதப் பாருங்க" என்றார் கடைக்காரர் உபைதுல்லா.

முதல் பெடல் தண்ணீர்க் குழாய் போல. சத்தமே அதற்குள் புகுந்து வரும். இரண்டாவதற்குள் சத்தம் போவதே இல்லை. கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற தகவல் மட்டும் வயரில் போகும். கூட்டுவதும் குறைப்பதும் ஆர்கனே. அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வயரின் இணைப்பைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருக்கிறார்கள். பொருந்தாவிட்டாலும் பெடல் வேலை செய்யும், தலைகீழாக.

கடையிலிருந்த ஆர்கனில் அது வெண்ணெயாக வழுக்கியது. சூரியபிரகாஷ் வாங்கிக்கொண்டு கிளம்பினான். ஆனால் அவன் ஆர்கன் வேறு கம்பெனி.

பரவையில் மார்க்கெட் வியாபாரி பேயாண்டி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். தலைமாட்டில் மனைவி மலையம்மாள் கல்லாக உட்கார்ந்திருந்தார். சொட்டுக் கண்ணீர் இல்லை. பந்தல் முழுக்க அதே பேச்சு.

"பொண்டாட்டி அழுகலேன்னா பாடுனவளுக்குத்தான்டா கேவலம்" என்று முணுமுணுத்துவிட்டு ரெங்கம்மாள் மைக்கைப் பிடித்தார். செத்தவரின் தம்பி சொல்லியிருந்த குணங்களையெல்லாம் கோத்துப் பாடினார்.

"கட்டுனவளப் பூவாத் தாங்குன புண்ணியரே..."

சத்தத்தைக் குறைக்கச் சூரியபிரகாஷ் குதிகாலைச் சாய்த்தான். ஆர்கன் அலறியது.

விஷயம் புரிந்தது. மாற்றி மிதித்தால் சரி. முன்காலை அழுத்தினான், தண்ணீர் தெளித்த தரையில் பெடல் வழுக்கி ஓடியது. கையை எடுத்து ஆர்கனின் சத்தக் குமிழைத் திருகலாம். ஆனால் எடுத்தால் வாசிப்பு நிற்கும். பாதியில் நிற்கக் கூடாது என்பது ரெங்கம்மாளின் முதல் சட்டம்.

"மாப்ள, இது நகராம ஒரு செங்கல்ல முட்டுக் குடுங்க!" என்றான் பக்கத்தில் இருந்தவரிடம்.

அவர் கொடுத்தார். செங்கல், பெடலின் மேலே தூக்கியிருந்த முன்பலகைக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. இனிப் பெடல் இறங்காது. முழுச் சத்தம்.

ரெங்கம்மாளின் வாய் மட்டும் அசைந்தது.

அந்த நேரத்தில் மலையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று கதறினார். பந்தலே சேர்ந்து அழுதது.

பாடை போனபின், வயரைச் சுருட்டியவனிடம் ரெங்கம்மாள் வந்தார். "என் பாட்டுக்குக் கல்லும் கரைஞ்சிருச்சு, பாத்தியா? நீதான் தேற மாட்டே. நாளையிலருந்து வராத."

"அவனப் போகச் சொல்லாதீக" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மலையம்மாள்.

"அந்த மனுசன் என்னையப் பூவாத் தாங்குனதா நீங்க பாடப் பாட எனக்கு அழுகையே வரல, இந்தத் தம்பி பொட்டி அத மறைச்சப்பறம்தான், நான் வாங்குன அடிய நெனச்சு வாய்விட்டு அழுதேன்."