எகிப்து மன்னருக்குக் கண்ணீர் அஞ்சலி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் எவரும், தன்னால்தான் உலகம் திருந்தப்போகிறது என்று ஒரு வருடமாவது நம்புவார். நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். (அப்பாவும் போயிருக்கிறார், வெள்ளையடிக்க.)

ஒன்பதாம் வகுப்புக்கு எகிப்து நாகரிகம். மன்னர் இறந்த செய்தியை ஊருக்கு எப்படிச் சொல்வீர்கள், அதற்கு நீங்களே ஓர் ஊடகம் செய்து காட்டுங்கள் என்றேன். இணையத்திலிருந்து படம் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு குழு வானொலிச் செய்தி வாசித்தது: நைல் நதியில் வெள்ளம், ஆகவே பள்ளிகளுக்கு விடுமுறை. இன்னொரு குழு நம் ஊர் வழக்கப்படி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தது. மன்னருக்கு ஒரு முகம் வேண்டுமே? வகுப்பில் நான் அட்டைக் கிரீடம் வைத்து நடித்ததைப் போனில் பிடித்து வைத்திருந்தார்கள். அஞ்சலி போஸ்டர் என்றால் கறுப்பாக இருக்கும். இது தங்க நிறத்தில் தகதகத்தது. எகிப்து என்றாலே தங்கம் என்று நடத்தியவனும் நான்தான்.

சனிக்கிழமை காலை, எனக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகள் அதை முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் கேசரிக்கு முந்திரி வாங்கப் போயிருந்ததால், அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றுதான் மூலக்குளத்துப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அதற்கு முன் வந்த மூன்று வீட்டாரும் வெறும் தண்ணீரோடு எழுந்து போயிருந்தார்கள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. கிரீடம் வைத்த மகன், தங்க நிறம்! கல்யாண வாழ்த்து என்று முடிவுகட்டி, அப்பா அதை வாசல் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டார். தோட்டத்து வழியாக வீட்டுக்குள் நுழைந்த நான் அதைப் பார்க்கவில்லை.

ஏழு பேர் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா கதவைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். (கிரீடத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நம் ஊர் போஸ்டரில் கிரீடம் இல்லாத ஆள் யார்?) அவருடைய அக்கா தெருவிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். என் அப்பா சிரித்த முகமாக வெளியே வந்தார்.

"எப்பங்க ஆச்சு?"

"காலையிலதான் சம்பந்தி. நான்தான் ஒட்டுனேன். நல்லா இருக்குல்ல?"

"பையன்..."

"உள்ளதான் இருக்கான். பவுடர் போட்டு உக்கார வச்சிருக்கோம்."

அழுகைச் சத்தம் கேட்டு, பட்டு வேட்டியும் பவுடருமாக நான் ஓடி வந்தேன். அந்த அம்மாவின் மடியிலிருந்த ஆப்பிள்கள் தெருவில் உருண்டன. கதவைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. எந்த மனிதனும் அப்போது மன்னிப்புத்தான் கேட்டிருப்பான். நான் பாடம் நடத்தினேன். செத்த மன்னரை மம்மி ஆக்க, மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுப்பது வரை விளக்கிய பிறகுதான், பெண்ணின் அப்பா துண்டால் வாயைப் பொத்தியிருப்பதைக் கவனித்தேன்.

"என்னடா எழுதியிருக்கு அதுல?" என்றார் அப்பா.

"மன்னர் செத்துட்டாருன்னு."

"மன்னர் யாரு?"

"நான்தாம்பா."

"படிக்க வச்சதுக்கு இதுதான் மிச்சமா?"

பெண் வீட்டார் கிளம்பத் தயாரானார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்போது அக்காக்காரர் ஒரு சட்டத்தைச் சொன்னார்: "எழவுக்குன்னு அழுதாச்சு. ஆளு இருந்தா என்ன, இல்லன்னா என்ன? இங்கயே தலைக்கு ஊத்தாம நம்ம வீட்டுப் படி ஏற முடியாது."

இருப்பது ஒரே குளியலறை. ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள். நான் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினேன். பெண்ணின் அப்பா என் லுங்கியிலும், அக்காக்காரர் அம்மாவின் சேலையிலும் ஈரத்தலையோடு உட்கார்ந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தலை முழுகினால் பசி கொஞ்ச நஞ்சமாகவா வரும்? யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்க, அக்காக்காரர்தான் முதலில் ஒரு வடையை எடுத்தார். பிறகு கேசரிச் சட்டி காலியானது.

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். மாமனார் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்:

"எங்க மாப்ள. இவரு செத்தன்னிக்குத்தான் பேசி முடிச்சோம்."