பூஞ்சணத்தாரும் போட்டிக் கொம்பனி மருந்தும்

மொன்றியலில் இத்தனை ஆயிரம் தமிழர் வாழ்ந்தும், தின்னும் நோக்கமே இல்லாமல் பாண் வாங்கிய ஒரே மனிதர் பூஞ்சணத்தார்தான். வாங்கிய பாணில் தண்ணீர் தெளித்துக் குசினி யன்னலோரம் வைப்பார். பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் படரும்வரை தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் போல அடிக்கடி எட்டிப் பார்ப்பார். படர்ந்துவிட்டால் அன்று முழுவதும் ஆளின் முகத்தில் ஒரு தகப்பனின் பெருமை இருக்கும்.

இது 2000களின் தொடக்கத்தில். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடியில் அவர், நடுவில் நானும் மனைவியும், கீழே மன்னார்க்காரியான றெஜினா அக்காவும் மகளும். மேலிருந்து ஏதாவது கிருமி இறங்கி வந்தால் முதல் பலி நாங்கள்தான் என்று என் மனைவி தினமும் நினைவூட்டுவாள்.

ஆள் போலி அல்ல. அதுதான் பிரச்சினை. போலியாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பூஞ்சணத்தார் உண்மையிலேயே கலாநிதிப் பட்டம் பெற்ற விஞ்ஞானி. நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு மருந்துக் கொம்பனியில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவழித்துப் புது அன்ரிபயோடிக் தேடியவர். கதவில் 'டொக்டர்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு முழங்கால் நோவோடும் காதுக் குத்தோடும் சனம் மூன்று மாடி ஏறி வரும். "நான் மனிசருக்கு டொக்டர் இல்லை" என்று கதவைச் சாத்துவார். அப்படியானால் மிருக வைத்தியர்போல என்று பக்கத்துக் கட்டடத்துக் கிழவர் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் நடந்தது.

எந்தத் தேடல் என்று நான் ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகும்வரை விளக்கினார்.

"ஒரு கரண்டி மண்ணுக்குள்ளை கோடிக்கணக்கான கிருமி இருக்குது தம்பி. சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் ஒண்டோடை ஒண்டு அடிபடும். அப்பிடி ஒரு பிடுங்குப்பாடு எங்கடை சங்கங்களுக்குள்ளையும் நீர் கண்டிருக்கமாட்டீர். மற்றவனைக் கொல்ல ஒரு கிருமி விடுற நஞ்சு இருக்கெல்லோ, அதுதான் அன்ரிபயோடிக்."

"நீங்கள் ஏதும் கண்டுபிடிச்சனீங்களோ டொக்டர்?"

"ஓம். ஒண்டு."

அவரோடு ஒரு பெரிய குழுவே வேலை செய்தது. அவர் சொல்லும் கதையில் அவர்கள் எல்லோரும் 'நான்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்த மருந்து கிருமியை அருமையாகக் கொன்றதாம். பேந்து எலியையும் கொன்றதாம். கொம்பனி மருந்தைக் கிடப்பில் போட்டது. சில வருடங்களில் அந்தப் பிரிவையே இழுத்து மூடி இவரை வீட்டுக்கு அனுப்பியது.

"பிரஷர் குளிசை எண்டால் சாகுமட்டும் வாங்குவினம். அன்ரிபயோடிக் குடிச்சவன் ஒரு கிழமையிலை சுகமாகிப் போயிடுவான். சுகமாகிறவனாலை கொம்பனிக்கு என்ன பிரியோசனம்?"

அன்றிலிருந்து அவருடைய குசினிதான் ஆய்வுகூடம். சமையல் இல்லை. அடுப்பில் கறிச்சட்டி இருக்க வேண்டிய இடத்தில் வட்டக் கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். வீட்டுச் சொந்தக்காரரான கிரேக்கர் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே போனார். உன்னுடைய நீலப் பூஞ்சணக் கட்டிச் சீஸும் இதுவும் ஒரே குடும்பம் என்று பாடம் கேட்டுவிட்டுக் கீழே வந்தார். அதற்குப் பிறகு அவர் சீஸ் சாப்பிடவில்லை என்று கேள்வி.

அப்போது ஊரில் சமாதானக் காலம். சனம் சூட்கேசோடு யாழ்ப்பாணம் ஓடியது. திரும்பி வரும்போது கருவாடு கொண்டு வா, ஒடியல் மா கொண்டு வா என்று எல்லோரும் கேட்க, பூஞ்சணத்தார் மட்டும் மண் கேட்டார். பார்க் எக்ஸ்டென்ஷன் உருகிப்போனது. தாய்மண் மேல் எவ்வளவு பற்று என்று ஒரு சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்தார். அவரே ஊருக்குப் போய்க் கோயில் வீதியிலிருந்து ஒரு பிடி மண்ணைப் பட்டுத்துணியில் முடிந்து கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். நானும் கூட நின்றேன்.

பூஞ்சணத்தார் முடிச்சை அவிழ்த்து மோந்து பார்த்தார்.

"இது கூட்டித் துடைச்ச செத்த மண். இதிலை ஒரு சீவனும் இல்லை. உங்கடை வீட்டுக் கக்கூசுக்குப் பின்பக்கம் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு வந்திருக்கலாமே!"

தலைவர் பட்டுத்துணியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அடுத்த பொங்கல் விழாவுக்குப் பூஞ்சணத்தாருக்கு அழைப்பு வரவில்லை.

ஆனால் இவையெல்லாம் சில்லறை. பெரிய சண்டை றெஜினா அக்காவோடு. அக்கா ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவ. கைராசிக்காரி. அவவின் அலுமாரியில் ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. யார் யாரோ குடித்து மிஞ்சிய அன்ரிபயோடிக் குளிசைகள் அதற்குள் கலர் கலராகக் கிடக்கும். தெருவில் யாருக்குத் தடிமன், மூக்கடைப்பு என்றாலும் ரின் திறக்கும். மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, கூடவே ஒரு செபம்.

மகள் முதன்முதலில் நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்துக்கு, அயலவர் என்று அக்கா அவரையும் அழைத்தா. தேவாலயத்துப் பங்கு மண்டபம் நிரம்பியிருந்தது. யாரோ வாழ்த்திப் பேசி முடித்ததும் பூஞ்சணத்தார் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

"வீட்டிலை குடிச்சு மிஞ்சின அன்ரிபயோடிக் வைச்சிருக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ!"

பரிசுக் குலுக்கல் என்று நினைத்து மண்டபமே கையைத் தூக்கியது. சுவாமியாரும் தூக்கினார்.

"பார்த்தியளோ, முழுக்கக் கொலைகாரர்! பாதியிலை நிப்பாட்டினா மிஞ்சிற கிருமி பாடம் படிச்சுக்கொண்டு திரும்பி வரும். பேந்து எந்த மருந்துக்கும் சாகாது. தடிமனுக்கு இந்த மருந்து வேலையே செய்யாது. இஞ்சை நிக்கிற றெஜினாவின்ரை ரின் ஒண்டு போதும், இந்தத் தெருவை அழிக்க!"

கேக் வெட்டும் கத்தி அக்காவின் கையில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம். அக்கா கேக்கைத்தான் வெட்டினா. ஆனால் அந்தத் துண்டு விழுந்த வேகத்தைப் பார்த்து சுவாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து படியில் அவரைக் கண்டால் அக்கா சுவரைப் பார்த்து நடந்தா.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு வசந்த காலத்தில், பனி உருகியவுடன் தண்டவாள வேலியோரம் மண் கிண்டப் போன பூஞ்சணத்தாரின் காலில் துருக்கம்பி ஏறிவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகாதபோதுதான் நான் கண்டேன். ஆளுக்குச் சீனி வருத்தம் வேறு. கட்டாயப்படுத்தி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். காத்திருந்த நேரத்தில் வேறு ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி கட்டி முடித்திருக்கலாம். கடைசியில் குளிசை கொடுத்து, முழுவதும் முடிக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

"எனக்கோ சொல்லுறாய்!" என்று அந்த இளம் வைத்தியருக்கு அவர் ஒரு விரிவுரை நடத்தினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பிரெஞ்சில் திட்டினார்கள்.

சில நாள் கழித்து மேல்மாடியில் 'தொம்' என்று சத்தம். ஓடிப் போனேன். எனக்கு முன்னமே கீழ்மாடியிலிருந்து றெஜினா அக்கா ஏறி வந்துவிட்டா. மூன்று மாடி உயரத்தை அவ எப்படிக் கடந்தா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. பூஞ்சணத்தார் குசினி நிலத்தில் கிடந்தார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. காலில் சிவப்பு முழங்கால்வரை ஏறியிருந்தது. நான் அம்புலன்சுக்குத் தொலைபேசி அடித்தேன். அக்கா துணி தேடிக் குசினி மேசை லாச்சியை இழுத்தா. உள்ளே பாதிக்கு மேல் மிஞ்சிய குளிசைப் போத்தல்.

குளிசை வயிற்றைப் பிரட்டியதாம். கால் கொஞ்சம் வற்றியதும் நிறுத்திவிட்டாராம்.

அக்கா போத்தலை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டா.

ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார்கள். பூஞ்சணத்தார் வாயைத் திறக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அது காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது. வேறு மருந்தைப் பையோடு கொண்டுவந்து கொழுவி நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருந்துப் பையிலிருந்த பெயரை வாசித்தார். முகம் மாறியது.

"தம்பி, இதைக் கண்டுபிடிச்சவனை எனக்குத் தெரியும்."

"சிநேகிதரோ?"

"சிநேகிதனோ! போட்டிக் கொம்பனிக்காரன். என்ரை மருந்து எலிக்கு வைக்க நல்லது எண்டு மாநாட்டு மேடையிலை சொல்லிச் சிரிச்சவன். அவன்ரை சாமான் இப்ப என்ரை நரம்புக்குள்ளை ஓடுது!"

"நல்ல மருந்தோ டொக்டர்?"

சொட்டுச் சொட்டாக விழுவதை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"நல்ல மருந்து" என்றார், பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர்போல. பிறகு குரல் இறங்கியது. "இதுவும் வேலை செய்யாட்டி அடுத்தது எண்டு ஒண்டு இல்லை. தேடின எங்கள் எல்லாரையும் வீட்டை அனுப்பிப்போட்டாங்கள்."

அவர் பேச்சுக்கு முதல்தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்நேரம் சூப்போடு றெஜினா அக்கா உள்ளே வந்தா. கைப்பையிலிருந்து போத்தலை எடுத்துக் கட்டிலில் வைத்தா.

"நான் ரின்னிலை வைச்சால் கொலைகாரி. நீங்கள் லாச்சியிலை வைச்சால் அதுக்கு என்ன பேர் டொக்டர்?"

பூஞ்சணத்தார் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆராய்ச்சி."

அக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. இரண்டு வருடக் கோபம் சூப்பில் சிந்தியது.

கால் தப்பியது. சின்னவிரல் மட்டும் போயிற்று. அந்த விரலைப் பரிசோதிக்கத் தரச்சொல்லி ஆஸ்பத்திரியோடு சண்டை பிடித்துத் தோற்றார். வீட்டுக்கு வந்தபிறகு ஒவ்வொரு வேளைக் குளிசைக்கும் அக்கா படியேறினா. கார்டெரிப் பிள்ளைகளோடு பழகிய பழக்கம்: விழுங்கியபின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். உலகத்துக்கு ஒரு மருந்தும் அரை டசின் எலிச்சாவும் தந்த விஞ்ஞானி, நாக்கைத் தூக்கிக் காட்டினார். கடைசிக் குளிசை முடிந்த அன்று அக்கா பிஸ்கற் ரின்னைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் கொட்டிவிட்டு வந்தா. யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவி பார்த்துவிட்டாள்.

அந்தக் காலோடு மூன்று மாடி ஏற முடியவில்லை. ஒட்டாவாவிலிருந்து அண்ணன் மகள், அவருடைய பெறாமகள் வந்து அழைத்துப் போனாள். போகும் காலை, தட்டுகளையெல்லாம் அவரே அவித்துக் கழுவி வைத்திருந்தார். காருக்குள் ஏறியபின் கண்ணாடியை இறக்கினார்.

"றெஜினா, தடிமன் வந்தால்?"

"சுடுதண்ணி."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. போயிட்டு வாங்கோ டொக்டர்."

கார் மூலை திரும்பியும் நாங்கள் வாசலிலேயே நின்றோம். அன்று டோர்வலில் வேலைக்குப் பிந்திப் போனேன். ஏனென்று கேட்டார் மேலாளர். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் ஊரை விட்டுப் போகிறார், வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்றேன்.

"யார், உன் சொந்தக்காரரா?"

"ஓம்" என்றேன்.